ஒரு ரூபாய் காணும்

என் மச்சான் நியூஜெர்சியில் இருக்கிறான். அது குற்றமில்லை. ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறான். 2022 கடைசியில் அவனும் அவன் மனைவியும் மயாமியில் கப்பலேறி கரீபியன் தீவுகளைச் சுற்றினார்கள். ஒரு நாளைக்கு நாற்பது படம் வந்து விழுந்தது. பஹாமாஸின் நாசோ கடற்கரையில் நீலத் தண்ணீர், தண்ணீரில் மச்சான், மச்சான் கையில் இளநீர், இளநீருக்கு மேல் ஒரு காகிதக் குடை. 'அம்பத்தூர் ஓ.டி.யில் இளநீருக்குக் குடை கிடையாது, இளநீர்க்காரருக்குத்தான் குடை' என்று பதில் போட்டேன். குழுவில் யாரும் சிரிக்கவில்லை. வீட்டில் அன்றைக்கு ரசம் மட்டும்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு நட்டு கம்பெனி ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவன் நான். மயாமிக்குப் போய்வரும் விமானக் கட்டணத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கூட்டி, மடித்து, கிழித்துப் போட்டேன். சில மாதம் கழித்துப் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. 2023 ஜூன் 5 அன்று மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைக்க, 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டிருந்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை போய்த் திரும்பி வரும் பயணம் அது.

கப்பலின் ஜாதகத்தைத் தோண்டினேன். கணக்குப்பிள்ளை புத்தி, பழைய பேரேட்டைப் பார்க்காமல் புதிய வரவு வைக்காது. தோண்டினால் தங்கம்! 1990-இல் பிரான்சின் சாந்நஸேர் பட்டறையில் கட்டிய கப்பல் அது. முதல் பெயர் நார்டிக் எம்ப்ரஸ். மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனதுதான் அதன் முதல் பிழைப்பு. பின்னால் எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ் ஆகி, ஸ்பானிஷ்காரர்கள் கைக்குப் போய், திரும்பி வந்து, 2017-இல் ஃபுளோரிடாவிலிருந்து ஹவானாவுக்கும் போயிருக்கிறது. கோவிட் நேரத்தில் கைமாறி இந்தியாவுக்கு வந்தது. ஆக, மச்சான் போனது கரீபியனுக்கு. இங்கே கரீபியன் கப்பலே நம் பீச் ஸ்டேஷன் எதிரில் வந்து நின்றது.

இதை மனைவியிடம் சொன்னேன். எங்களுக்குக் கல்யாணமானதும் 1990-இல்தான் என்று சேர்த்துச் சொன்னேன். "முப்பத்து மூணு வருஷத்துல எத்தனை பேர் மாத்தியிருக்கு அந்தக் கப்பலு?" என்றாள். நாலைந்து தடவை என்றேன். "எம்ப்ரஸ்ன்னா?" பேரரசி என்றேன். எத்தனை முதலாளி மாறினாலும் அந்தப் பட்டத்தை மட்டும் கழற்றவில்லை என்றேன். "நல்ல கப்பலா இருக்கே" என்றாள். அதோடு டிக்கெட் போட்டாயிற்று.

ஒரே ஒரு சங்கடம். முந்தைய வருஷம் இதே கப்பல் சென்னையிலிருந்து முதன்முறை கிளம்பியபோது, சூதாட்டக் கூடம் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, புதுச்சேரியில் நிற்க அனுமதி கிடைக்கவில்லை. புதுச்சேரியே யோசித்த கப்பலில் ஓய்வுபெற்ற கிளை நூலகர் ஒருவரை ஏற்றலாமா என்று எனக்கு ஒரு உறுத்தல். (என் மனைவி ஆவடிப் பக்கம் அரசு நூலகத்தில் வேலை பார்த்தவள். இது பிறகு வரும்.) அவளிடம் கேட்டேன். "நீங்க ஆடினாத்தானே பிரச்சனை, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஜூலையில் ஒரு நாள் காலை, இரண்டு பெட்டி, ஒரு பை, ஒரு டப்பா இஞ்சி மரப்பாவோடு அம்பத்தூர் ஸ்டேஷனில் பீச் போகும் மின்சார ரயிலில் ஏறினோம். டிக்கெட் ஒரு டீ விலைகூட இல்லை. வழியை அடைத்திருந்த பெட்டியைப் பார்த்து ஒருவர், "எந்த ஊருக்கு சார், இது சென்ட்ரல் போகாதே?" என்றார். "இல்லைங்க, பீச். கப்பலுக்குப் போறோம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்து அடுத்த கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார். காலையிலேயே போட்டிருக்கிறான் என்று நினைத்திருப்பார்.

கப்பலில் ஏறியதும் முதல் வேலையாக எல்லோரையும் மேல்தளத்தில் நிற்க வைத்து, ஆபத்து வந்தால் மிதவைச் சட்டையை எப்படிப் போடுவது என்று செய்து காட்டினார்கள். என் மனைவி பக்கத்துப் பெண்மணிக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். "முதுகுப் பக்கம் வார் முறுக்கிக்கும், பாத்துக்குங்க. எங்களுக்கு 2015லயே பழக்கம்." பொய்யில்லை. அந்த டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவுக்கு மீன்பிடிப் படகு வந்தது. பக்கத்து வீட்டு சன்ஷேடிலிருந்து அவளை இறக்கினார்கள், கையில் குக்கரோடு. அதுவரை நாங்கள் ஏறிய ஒரே கப்பல் அதுதான். அதற்குக் கட்டணம் கிடையாது.

இதற்குக் கட்டணம் உண்டு. மொத்தத் தொகையை மணி நேரத்தால் வகுத்து வைத்திருந்தேன். இரண்டு பேருக்குமாக மணிக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. எட்டு மணி நேரம் தூங்கினால் எட்டாயிரம் நஷ்டம். ஆகவே விடியற்காலையில் எழுந்து, யாருமில்லாத தளத்தில் நடந்து, யாருமில்லாத நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக் கூடம் திறக்கும்போது முதல் ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "சாருக்கு எந்த ஊர்?" என்றேன். "ஆவடி" என்றார்.

வங்காள விரிகுடாவின் நடுவில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதர், எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில் இருப்பவர். டாங்க் ஃபேக்டரியில் ஓய்வு பெற்றவர். கண்ணில் படும் இரும்பையெல்லாம் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், பிறகு பிளேட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வார். கப்பல் 48,563 டன் என்று நான் படித்ததைச் சொன்னேன். "அது வெயிட்டு இல்ல சார், உள்ள எவ்ளோ எடம் இருக்குன்ற கணக்கு" என்று திருத்தினார். "வெயிட்டுன்னா எங்க அர்ஜுன் டாங்கைச் சொல்லணும். ஒண்ணே ஒண்ணு அம்பத்தெட்டு டன்னுக்கு மேல." அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு, அர்ஜுன் மிதக்காதே என்று நான் சொல்லவில்லை.

அம்பாந்தோட்டை, திருகோணமலை பற்றியெல்லாம் விவரமாக எழுதினால் பத்திரிகை தாங்காது. காங்கேசன்துறைக்கு வருகிறேன்.

துறைமுகம் தாண்டியதும் ஒரு ஆட்டோ பிடித்தோம். அங்கே அது 'ஓட்டோ'. ஓட்டுநர் முப்பது வயதுப் பிள்ளை. "இந்தியாவிலயிருந்தோ வாறியள்? எவடத்துக்குப் போக வேணும்?" என்றார். நல்லூர், பிறகு ஊர் சுற்ற வேண்டும், நாலு மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்று படபடவென்று சொன்னேன். "நேரம் கிடக்கு ஐயா. ஆறுதலாப் போவம்" என்றார்.

என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். "ஆறுதலாவா? யாருக்கு என்னங்க ஆச்சு?" எனக்கும் பகீரென்றது. யாழ்ப்பாணத்தில் ஆறுதலாக என்றால் மெதுவாக, அவசரமில்லாமல் என்று அர்த்தமாம். பதினெட்டு கிலோமீட்டர் போவதற்குள் அந்தப் பிள்ளை எங்களுக்கு ஒரு அகராதியே போட்டுக் கொடுத்துவிட்டார். கதைப்பது என்றால் பேசுவது. கதை என்றால் கதைதான். சுகமாகச் செய்யலாம் என்றால் எளிதாகச் செய்யலாம். கப்பல் போய்விடுமோ என்று நான் மூன்றாவது முறை கேட்டபோது, "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார். கவலைப்படாதீர்கள் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். "நான் முப்பத்து மூணு வருஷமா சொல்றதும் அதேதான்" என்றாள் பின்னாலிருந்து.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில். வாசலிலேயே எனக்கு விழுந்தது அடி. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கப்பலுக்கென்றே வாங்கிய லினன் சட்டை, கடல் நீல நிறம், போட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கழற்றினேன். பனியனையும் என்றார்கள். கழற்றினேன். மூன்று நாளாகக் கொடுத்த காசுக்குச் சாப்பிட்டது முழுக்க என் முன்னால் வந்து நின்றது. சுற்றிலும் யாழ்ப்பாணத்து ஆட்கள் வேட்டி கட்டி, சால்வையை இடுப்பில் சுற்றி, வாழைத்தண்டு மாதிரி நிற்கிறார்கள். நான் மட்டும் சட்டையைப் பந்தாகச் சுருட்டி, வயிற்றை மறைத்துப் பிடித்துக்கொண்டு முருகன் முன்னால் நின்றேன். "மூச்சை விடுங்க, அவருக்குத் தெரியாததா" என்றாள் மனைவி.

அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போனோம். விலை ஒரு ரூபாய். எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று மறுபடி கேட்டேன். ஒரு ரூபாய்தான். பல வருஷமாக அதே விலையாம். நம் காசுக்கு நாலணா. நம் ஊரில் நாலணாவே 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டது. ஊரெல்லாம் விலைவாசி எகிறியிருந்த நேரத்தில், அந்தக் கவுண்ட்டரில் மட்டும் யாரும் ஏற்றவில்லை.

என் பையில் இருந்த மிகச் சிறிய இலங்கை நோட்டு, ஆயிரம் ரூபாய். நீட்டினேன். கவுண்ட்டரில் இருந்தவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையில் சுருட்டி வைத்திருந்த சட்டையைப் பார்த்தார். "சில்லறை இல்லையோ?" இல்லை. பின்னால் வரிசை நீண்டது. முப்பத்திரண்டு வருஷம் கம்பெனிக்குச் சில்லறைக் கணக்குப் பார்த்தவன், ஒரு ரூபாய் இல்லாமல் வெற்று மார்போடு நிற்கிறேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மா, எழுபது வயதிருக்கும், முந்தானை முடிச்சிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து என்னைத் தாண்டிக் கையை நீட்டி வைத்தார். "விடுங்கோ, நான் தாறன்." நான் மறுத்தேன். "ஒரு ரூபாதானே" என்று சொல்லிவிட்டுத் தன் சீட்டையும் வாங்கிக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டார். வெளியே வந்து ஆயிரத்தை மாற்றி, ஒரு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேடினோம். வெள்ளைச் சேலை, திருநீறு என்று அடையாளம் சொன்னால் அந்த வாசலில் பாதிப் பேர் வருவார்கள்.

மத்தியானம் ஒரு சைவ ஹோட்டல். சோறு, பருப்பு, கத்தரிக்காய், தேங்காய்ப் பாலில் மஞ்சளாக ஒரு சொதி. சொதியை என் மனைவி மூன்று தடவை வாங்கினாள், கப்பலில் அத்தனை வகை இருந்தும் எதையும் இரண்டு தடவை வாங்காதவள். பரிமாறும் பையன் வந்து குனிந்து, "அம்மா, சோறு காணுமோ?" என்றான்.

இவள் தட்டைப் பார்த்தாள். சோறு குவியலாக இருக்கிறது. "இருக்கேப்பா, இதோ."

"அப்ப காணும்."

"காணுமா? இருக்குன்றேன்ல!"

பையன் குழம்பி என்னைப் பார்த்தான். நான் ஓட்டுநரைப் பார்த்தேன். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். காணும் என்றால் போதும் என்று அர்த்தம். நம் ஊரில் செருப்பு காணும் என்றால் கோயில் வாசலில் தேட வேண்டும். அங்கே செருப்பு காணும் என்றால் நிறைய இருக்கிறது, இனி வாங்காதே.

சாப்பிட்டதும் ஓட்டுநர் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குக் கூட்டிப் போனார். வெள்ளை வெளேரென்று நிற்கிறது, வாசலில் சரஸ்வதி. இது மறுபடி கட்டியது. பழையது 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள் என்று சொல்கிறார்கள், அவற்றில் ஓலைச்சுவடிகளும் உண்டு. என் மனைவியின் கிளை நூலகத்தில் ஒரு வருஷம் இருப்புச் சரிபார்ப்பில் ஐந்து புத்தகம் குறைந்தது. மூன்று மாதம் விளக்கம் எழுதினாள். ராத்திரி எழுந்து உட்கார்ந்து, 'அந்த சமையல் புக்கை யாரோ திருப்பித் தரலை' என்பாள். அவள் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டோ எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். ஓட்டோவில் ஏறிய பிறகும் கொஞ்ச தூரம் யாரும் கதைக்கவில்லை.

திரும்பும் வழியில் கீரிமலை. கடலை ஒட்டியே ஒரு கேணி, சுவருக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர், அந்தப் பக்கம் அலை. கீரி முகத்தோடு இருந்த ஒரு முனிவர் இங்கே குளித்துத்தான் மனித முகம் பெற்றாராம். குதிரை முகத்தோடு வந்த ஒரு சோழ இளவரசிக்கும் இங்கே முகம் மாறியதாம், அதனால்தான் பக்கத்து ஊருக்கு மாவிட்டபுரம் என்று பெயராம். இவ்வளவு சிபாரிசு இருக்கும்போது விடலாமா? மூன்று முழுக்குப் போட்டுவிட்டு வந்து முகத்தைக் காட்டினேன். என் மனைவி ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள். "ஒருவேளை பூர்வத்துல கீரியா இருந்திருந்தாத்தான் வேலை செய்யுமோ என்னவோ" என்றாள்.

மூன்றரைக்கே கப்பலில் இருந்தோம். கப்பல் கிளம்பியது சாயங்காலம்.

அன்று இரவு பகட்டாக உடுத்தி வரவேண்டிய விருந்து. நான் மகன் ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டை மாட்டினேன். பூந்தமல்லி டெய்லர் அளவெடுத்த நாளில் நான் வேறு மனிதன், பொத்தான் ஒன்று ஒத்துழைக்கவில்லை. அவள் காஞ்சிபுரம் பட்டு, மரகதப் பச்சை. மேல்தளத்தில் படம் எடுக்கலாம் என்று போனோம். கடல் காற்றுக்குப் பட்டு, பருத்தி என்ற பேதம் தெரியாது. முந்தானை பாய்மரம் மாதிரி விரிந்து, ஆவடிக்காரர் முகத்தை முழுசாக மூடிவிட்டது. உள்ளேயிருந்து, "நல்ல ஜரிகை, ரெண்டு கிராம் கூடவே இருக்கும்" என்று குரல் வந்தது.

சாப்பாட்டு மேஜையில் மெனு அட்டை கொடுத்தார்கள். படித்துப் படித்துப் பார்த்தும் புரியாத பெயர் ஒன்றை, விலை சேர்த்தி என்பதால் தைரியமாகச் சொன்னேன். பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஏதோ வந்தது, பக்கத்தில் பச்சையாக ஒரு கீற்று. "காணுமோ?" என்றாள் மனைவி. மேஜைக்குக் கீழே தேடினேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரிமாறிய பையன் பதறிப்போய் ஓடி வந்தான். தயிர் சாதம் இருக்கிறதா என்று கேட்டோம். இருந்தது. கடைசியில் எந்தக் கப்பலிலும் தமிழனைக் கரை சேர்ப்பது அதுதான்.

பிறகு சூதாட்டக் கூடம். பார்க்க மட்டும் என்று சொல்லித்தான் போனோம். நெம்புகோல் மெஷினில் ஐந்நூறு ரூபாய் போட்டேன். செர்ரிப் பழம், மணி, எலுமிச்சை என்று சுற்றி நின்றது. எட்டு நிமிஷத்தில் முடிந்தது. என் கணக்கில் அது மணிக்கு மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். மனைவி திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மேல்தளத்தில் யாரோ டி.ஜே.யிடம் மல்லுக்கு நின்று தமிழ்க் குத்துப்பாட்டு ஒன்று வாங்கியிருந்தார்கள். ஆவடிக்காரர் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆடிக்கொண்டிருந்தார். நடுவில் நின்று தளத்தைக் காலால் தட்டிக் காது கொடுத்தார், பிறகு தொடர்ந்து ஆடினார். எட்டு மில்லிமீட்டர் என்று எங்களைப் பார்த்து விரலால் காட்டினார். நாங்கள் கொஞ்சம் தள்ளி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும். இலங்கைப் பக்கம் இரண்டு மூன்று விளக்குப் புள்ளிகள் இருந்தன, பிறகு அவையும் இல்லை.

"ஏங்க, ஐந்நூறு ரூபாய்க்கு அங்க எத்தனை அர்ச்சனை?"

இரண்டாயிரம் என்றேன். கணக்கு யோசிக்காமலே வந்தது.

"அந்த அம்மாவுக்கு ஒரு ரூபாய் தரணும்ங்க."

மச்சானுக்கு அன்று நாற்பது படம் அனுப்புவதாகத் திட்டம். பட்டுப்புடவை படம் ஒன்றை மட்டும் அனுப்பினேன். சிக்னல் இல்லாமல் அது சென்னைக் கரை தெரிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. 'எந்த ஐலண்டு?' என்று கேட்டிருந்தான். பீச் ஸ்டேஷன் நடைமேடையில் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, 'நல்லூர்' என்று பதில் போட்டேன்.

பயணக் கணக்கு நோட்டில் எல்லாம் நேராகிவிட்டது, அந்த ஐந்நூறு உட்பட. ஒரு வரி மட்டும் இன்னும் நிற்கிறது: நல்லூர், அர்ச்சனை, 1 ரூபாய், பாக்கி. கொடுக்க வேண்டியவர் பெயர் எழுதும் இடம் காலி. வாசகர்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் எங்கள் பெயரைச் சொல்லி உண்டியலில் போட்டுவிடுங்கள். அம்பத்தூர் வந்தால் கணக்குத் தீர்த்துவிடுகிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு ரூபாய் காணும்.